ஆறாவது ஆளின் இடம்

போரின் இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை முதல், மண்ணெண்ணெய்க் கடை வாசலில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடத்தில் மட்டும் மழை பெய்யவில்லை. சுற்றிலும் கொட்டித் தீர்த்தாலும் அங்கே தூசி தூசியாகவே கிடந்தது. காரணம் எதிர் மாடியில் குடியிருந்த டிராயிங் டீச்சர் என்பது தெருவுக்கே தெரியும்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவை வாட்டர் கலரில் வரைவாள். சைரன் கம்பம், குண்டு அதிர்ச்சியில் சிதறாமலிருக்கக் காகிதப் பட்டை ஒட்டிய ஜன்னல் கண்ணாடிகள், காலி டின்களோடு நிற்கும் க்யூ, எதையும் விடமாட்டாள். வெள்ளைப் பெயிண்டைத் தொடவே மாட்டாள். வெளுப்பு வேண்டிய இடத்தில் தாளை ஈரம் படாமல் விட்டுவிடுவாள். கண்ணால் பார்க்காததை வரைவதில்லை என்பது இன்னொரு பிடிவாதம். அந்தச் செவ்வாய், க்யூவில் ஆறாவதாக நின்ற ஆம்புலன்ஸ் டிரைவரான தன் கணவனைக் கடைசியில் வரையலாமென்று, தாளில் அவன் இடத்தை மட்டும் ஈரம் படாமல் ஒதுக்கியிருந்தாள். சைரன் அலறியது. டின்னை முன்னால் நின்ற தையல்காரர் கையில் திணித்துவிட்டு அவன் ஓடினான். வண்டியோடு அப்படியே எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

முதல் வாரம் அந்த உலர்ந்த இடத்துக்கு ஜனங்கள் அடித்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் விலகிக்கொண்டார்கள். எவ்வளவு நெரிசலிலும் ஐந்தாவது ஆளுக்கு அடுத்த இடம் காலியாகவே இருந்தது. மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, என் புள்ள முகம் உனக்கு மறந்தா போச்சு? மனசுல இருக்கறத வெச்சு வரைஞ்சு முடிச்சுடேன்."

"மனசுலேர்ந்து வரைஞ்சா அவர் இல்லன்னு ஆயிடும் அத்தை. நேர்ல வந்து நிக்கட்டும்."

அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! அவள் அழாமலில்லை. அழும்போதுகூடத் தாளைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அழுதாள்.

ஐந்தாம் வருடம் போர் முடிந்தது. அதற்கும் ஏழு மாதம் கழித்து, நல்ல மழையில், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தவன் க்யூவின் கடைசியில் போய் நின்றான். தையல்காரர்தான் முதலில் பார்த்தார்.

"யோவ் டிரைவர்! அங்க எங்கய்யா நிக்கற? நாலு வருஷமா உன் இடத்துக்குக் காவல் காக்கறோம், வா இங்க!"

தினமும் கூடவே கொண்டுவந்த அவனுடைய டின்னை நீட்டினார். அவன் வந்து ஆறாவதாக நின்றான். அவன் மேல் ஒரு துளி படவில்லை.

மேலே ஜன்னல் திறந்தது. "அசையாதீங்க!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்திவிட்டு, டீச்சர் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினாள். க்யூ முழுவதும் அசையாமல் நின்றது. கடைக்காரரும் ஊற்றுவதை நிறுத்தினார். முதலில் அவன் தலைமுடி நனைந்தது, பிறகு தோள், பிறகு கையிலிருந்த டின், கடைசியாக அந்தக் கால். தொப்பலாக நனைந்து முடித்ததும் கடைக்காரர், "அடுத்து யாரு?" என்றார். க்யூ ஓர் அடி நகர்ந்தது.