மீறி வந்த இருமல்

அலை ஓய்ந்து தலை முழுகுவது என்று உட்கார்ந்திருந்தால் முழுகின மாதிரிதான் என்று ஒவ்வொரு நீண்ட விடுமுறை வரும்போதும் டெய்லர் சொல்லுவாள். அவளுடைய தோழிகள் இருவரும் ஆமாம் ஆமாம் என்பார்கள். விடுமுறை முடிந்துவிடும். இந்த முறை கடலோரத்தில் ஒரு குடிலை வாடகைக்குப் பிடித்துவிட்டு வந்து சொன்னாள். வேறு வழியில்லாமல் மூவரும் கிளம்பினார்கள்.

மற்ற இருவரில் ஒருத்தி பார்லர்க்காரி. யாரைப் பார்த்தாலும் முதலில் புருவத்தைப் பார்ப்பாள். இன்னொருத்தி டிரைவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரு காலத்தில் அந்த பஸ்ஸில் மூன்று பேரின் பிள்ளைகளும் ஒன்றாகப் போனார்கள். இப்போது பிள்ளைகள் வளர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அம்மாக்கள்தான் விடுவதாக இல்லை.

குடில் என்று சொன்னது மரியாதைக்கு. நாலு பலகைச் சுவர், தகரக் கூரை, மூன்று மடக்குக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு. ஜன்னல் திரையின் ஓரம் கோணலாக அடித்திருந்ததைப் பார்த்த டெய்லர், வந்த அரை மணி நேரத்தில் அதைக் கழற்றிப் பிரித்துக் கையால் தைக்க உட்கார்ந்துவிட்டாள். கடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கே போகப்போகிறது என்றாள்.

டிரைவருக்குக் கடலும் வேண்டாம், திரையும் வேண்டாம். தூங்க வேண்டும். அதோடு ஒரு பதிலும் சொல்ல வேண்டும்.

பதில் நாத்தனாருக்கு. மாமியாரை இந்த மூன்று நாளைக்கு என்று நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். விட்ட இடத்தில் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இனிமே இங்கயே இருக்கட்டுமா அண்ணி? ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களும் எத்தனை நாள்தான் பாப்பீங்க" என்று கேட்டுவிட்டாள். புருஷனிடம் சொன்னால், "பொம்பளைங்க நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க" என்றான். அவனுக்கு வருடம் முழுக்க இரவு ஷிஃப்ட். பகலில் படுத்தால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். கொடுத்து வைத்த ஜன்மம்.

இருமல்தான் விஷயம். மாமியாருக்கு நாள்பட்ட இருமல். பார்க்காத டாக்டர் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, வயதோடு வந்தது, வயதோடு இருக்கும் என்று எல்லா டாக்டரும் சொல்லிவிட்டார்கள். இருவர் அறைக்கும் நடுவில் மெல்லிய சுவர். இருமல் கேட்டதும் டிரைவர் எழுவாள், வெந்நீர் வைப்பாள், கொண்டுபோய் நிற்பாள். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறிப்போச்சு என்பாள். ஒருநாள் கூட நல்ல வார்த்தை கிடையாது. விடிந்ததும் டிரைவர் கண் எரிய எரிய நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள். பல வருடமாக இப்படித்தான். பதில் சொல்ல யோசிக்கக்கூட வேண்டியதில்லை, தூங்கி எழுந்து சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

முதல் இரவு பொட்டுத் தூக்கம் வரவில்லை. கட்டிலைக் குறை சொன்னாள், தலையணையைக் குறை சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தாள். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலை சத்தம் தொந்தரவா இருக்காடி?" என்றாள் டெய்லர்.

"அதெல்லாம் இல்ல. இருமல் எப்ப வரும்னு காது பாட்டுக்குப் பாத்துக்கிட்டே இருக்கு. வரவே மாட்டேங்குது."

பார்லர்க்காரி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "வேணும்னா நான் இருமட்டுமா?" என்றாள்.

"இருமு பாப்போம்."

இருமினாள்.

"இது கனைக்கிறது. அத்தையோடது ரெண்டு சின்னதா வரும், அப்புறம் ஒண்ணு நீளமா இழுக்கும். இழுத்து டக்குனு நிக்கும்."

பார்லர்க்காரி இன்னும் இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது சரியாக இருக்கிறது என்று டிரைவர் ஒப்புக்கொண்டாள். டெய்லர் திரையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வயதில் இதற்கெல்லாம் ஒத்திகையா என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே டிரைவர் கண்ணயர்ந்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். தூங்கியாச்சா என்று பார்க்க பார்லர்க்காரி இன்னொரு முறை இருமினாள். இரண்டு சின்னது, ஒரு நீளம்.

டிரைவர் எழுந்தாள். கண் திறக்கவில்லை. நேற்று வந்து சேர்ந்த அறையில் எதன் மீதும் இடிக்காமல் அடுப்புக்குப் போனாள், பாத்திரத்தை எடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், பற்ற வைத்தாள். "இருங்க அத்தை, சூடாயிடும்" என்றாள்.

டெய்லர் போய் அடுப்பை அணைத்தாள். டிரைவர் கண்ணைத் திறந்து, அடுப்பில் இருந்த பாத்திரத்தைப் பார்த்து, இரண்டு பேரையும் பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

"போதும்டி. இப்பவே ஃபோனைப் போட்டு அங்கயே இருக்கட்டும்னு சொல்லு. உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் டெய்லர்.

டிரைவருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வாசல் படியில் உட்கார்ந்து ஃபோனைப் போட்டாள். நாத்தனார் எடுத்து, அம்மாவே பேசணுமாம் என்று கொடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் மாமியார்.

"ஆச்சு அத்தை. ஒரு விஷயம் சொல்லணும்னுதான்..."

"நான் சொல்லிக்கிறேன் முதல்ல. நான் இங்கயே இருந்துக்கறேன்."

டிரைவர் சொல்ல வந்ததும் அதையேதான். இருந்தும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஏன், நான் என்ன குறை வெச்சேன்?" என்று கேட்டாள்.

"குறை ஒண்ணுமில்ல. இங்க தூக்கம் வருது."

"நம்ம வீட்ல வரலையா?"

"எப்படி வரும்? நான் இருமினா நீ வந்து நிக்கிற. விடிஞ்சா பஸ் ஓட்டப் போறவ, பாவம் எழுந்து வந்துடுவாளேன்னு தலையணையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டுக் கிடப்பேன். அதையும் மீறி வர்றதுதான் உனக்குக் கேக்கறது. அப்பவும் நீ எழுந்து வந்துடுவ. எனக்கு ஆத்திரமா வரும். இங்க இவ அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறா. நான் பாட்டுக்கு இருமறேன். நிம்மதியா இருக்கு."

டிரைவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தியை ஒருத்தி தூங்கவைக்கப் பார்த்து, இரண்டு பேரும் முழித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். டிரைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர்றேன். துணியெல்லாம் எடுத்து வைங்க."

"வந்து? மறுபடியும் வெந்நீரா?"

"இனிமே நீங்க எவ்வளவு வேணும்னாலும் இருமுங்க. நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"உன்னால முடியாது."

"முடியாதுதான். முழிச்சுக்கிட்டே படுத்திருப்பேன். ஆனா வர மாட்டேன்."

பதிலுக்கு மாமியார் இருமினாள். இரண்டு சின்னது, ஒரு நீளம். வழக்கமாக டக்கென்று நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. மேலே போயிற்று, உடைந்தது, மறுபடி ஆரம்பித்தது, மூச்சை வாங்கிக்கொண்டு இன்னொரு சுற்று போயிற்று. இத்தனை காலம் காதில் விழுந்தது இதில் கால்வாசி கூட இல்லை. டிரைவரின் கால் தானாக எழப் பார்த்தது. படியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெந்நீர் என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அதையும் விழுங்கினாள்.

ஒருவழியாக இருமல் ஓய்ந்தது.

"இருக்கியா?" என்றாள் மாமியார்.

"இருக்கேன்."

"ஒண்ணுமே கேக்கல?"

"கேக்கல."

மாமியார் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "சரி. நாளைக்கு இருட்டறதுக்கு முன்னாடியே வந்துடு" என்றாள்.