தாமதமாக வந்த பிளாட்பாரம் டிக்கெட்

அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, மேல் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள் மகள். நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். காலையிலிருந்து யாரிடமும் பேசாத அம்மா, தையல் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொத்தானெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா."

"பொத்தானுக்கு இல்ல." நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிளாட்பாரம் டிக்கெட்டை எடுத்தாள். "இதை இப்பக் குடுத்தாச் செல்லுமா? வண்டி வர்றதுக்குள்ள சொல்லிடு."

மகளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த வீட்டின் தீராத வழக்கு அது. கைக்குழந்தையாக இருந்த அவளைத் தூக்கிக்கொண்டு அம்மா நாலரை மணி ரயிலில் வந்து இறங்கிய நாளில், அப்பா ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார் என்பது அம்மா கட்சி. நாலு மணிக்கு முன்னாலேயே வந்து காத்துக் கிடந்தேன் என்பது அப்பா கட்சி. முப்பது வருடமாகச் சாயங்கால டீயோடு விசாரணை நடந்தது. தீர்ப்பு சொல்ல வேண்டியவள் மகள். ஒவ்வொரு முறையும் வாய்தா கொடுத்துத் தப்பித்துவிடுவாள்.

டிக்கெட்டில் அன்றைய தேதி. நேரம், மூன்று ஐம்பத்தெட்டு.

"வேற பிளாட்பாரத்துல நின்னு தேடியிருக்காரு மனுஷன். உனக்கு மூணு வயசிருக்கும்போது அவரு கோட்டுக்கு உள்துணி மாத்தினேன். அதுக்குள்ள கிடந்துச்சு."

அப்பா நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்தவர். விசாரணை பாதியில் இருக்கும்போது வக்கீல்கள் புதிதாக நீட்டும் காகிதங்களை வாங்கி வாங்கிச் சலித்தவர். ஆனாலும், "லேட்டுங்கறதுக்காகவே தூக்கிப் போட்டுடக் கூடாது" என்பார். "ஏன் லேட்டுன்னு முதல்ல கேக்கணும். அப்புறம் எதிர்க்கட்சிக்கும் பேச வாய்ப்புக் குடுக்கணும்."

"ஏன் இவ்வளவு தாமதம்?" மகள் அப்பாவின் தோரணையிலேயே கேட்டாள்.

"அன்னைக்கே குடுத்திருந்தா வழக்கு முடிஞ்சிருக்கும். அப்புறம் டீ குடிக்கறப்ப நாங்க என்னத்தப் பேசுறது?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்ததை நினைத்தால் மனதுக்கு நிறைவாக இருந்தது.

"எதிர்க்கட்சி என்ன சொல்லுது?"

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லல. ஜெயிச்சுட்டுப் பேசாம இருக்கற ஆளா இவரு?" அவள் குரல் அங்கேதான் உடைந்தது.

மகள் மேசையிலிருந்த அப்பாவின் பென்சிலை எடுத்தாள். ஏற்றுக்கொண்ட ஆவணத்துக்கு அவர் குறியிடுவதுபோல, டிக்கெட்டின் மூலையில் ஒன்று என்று எழுதி வட்டமிட்டு, அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள்.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்ற சத்தம் கேட்டது. அம்மா குனிந்து, டிக்கெட்டைக் கொஞ்சம் மேலே இழுத்து, நேரம் வெளியே தெரியும்படி வைத்தாள்.