ஒரு வேலைக்கு ஒரே பக்கம்

உலகம் முழுக்க ஆலை வைத்திருக்கும் கம்பெனி அது. எந்த இயந்திரத்தை எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் கம்பெனியின் உள்வலைத்தளத்தில் இருக்கும். நாலு ஆலைக்காரர்கள் ஒரே வேலைக்கு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தால், அவற்றை ஒன்றாக்குவதுதான் அக்காவின் பிழைப்பு. கத்தரிக்கோல் கை என்று அவளுக்கு அலுவலகத்தில் பெயரே உண்டு.

மத்தியானம் தம்பி போன் செய்தான். கடல் தாண்டிய ஆலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஃபிட்டர்.

"அக்கா, இன்னிக்கு ஸ்டீம் டேங்க் கழுவப் போறேன். உன் புதுப் பக்கத்தைப் பாத்துத்தான். ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும்!"

"போடா குண்டா. அந்தச் சிவப்புப் பெட்டி எச்சரிக்கையையாவது படி."

"அதை எவன் படிக்கிறான்? தள்ளிவிட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்போம்."

வேலைக்குள் போன் கூடாது என்று சொல்லி, அதை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். பெருமையோடு அந்தப் பக்கத்தைத் திறந்தவள், கூடவே தம்பி ஆலையின் டேங்க் போட்டோவையும் திறந்தாள். புது டேங்கில் மூடியின் கொக்கியைத் தொட்டாலே ஆவி தானாக நின்றுவிடும். அதனால் 'முதலில் வால்வைக் கையால் அடைக்கவும்' என்ற வரியை அவள் வெட்டி எறிந்திருந்தாள். தம்பி ஆலையில் இருப்பதோ பழைய டேங்க். அதில் எதுவும் தானாக நிற்காது. மூடியைத் திறந்தால் கொதிக்கும் ஆவி நேரே முகத்தில் அடிக்கும்.

பாவி நான், வெட்டுமுன் இந்தப் போட்டோவைப் பார்த்திருந்தால் போதுமே!

ஆலைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மேலாளரிடம் ஓடினாள்.

"பக்கத்துல ஒரு வரி மாத்தணும்னாலும் சட்டப் பிரிவு ஒப்புதல் வேணும்மா. நாளைக்குத்தான் வரும்."

"நாளைக்கா? அங்க என் தம்பி நிக்கிறான் சார்!"

தலைப்புக்கு மட்டும் யார் ஒப்புதலும் வேண்டாம். எழுத்துப்பிழை திருத்த விட்டுவைத்த சலுகை அது. டேங்க் பக்கத்தில் இருக்கும் ஆலைத் திரையில், ஒவ்வொரு படிக்கும் தலைப்பு மேலே வரும். 'நிறுத்து, வால்வை அடை' என்று எல்லா ஆலைக்கும் பொதுவான கம்பெனி மொழியில் அடித்தாள். அடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இதையும் தள்ளிவிட்டுட்டுப் போனான் என்றால்? அதற்குப் பக்கத்திலேயே தமிழில் சேர்த்தாள்: 'டேய் குண்டா, மூடியைத் தொடாதே! அக்கா.' வெளியிட்டாள்.

மேலாளர் தலையில் கை வைத்தார். "எல்லா நாட்டு ஆலையிலயும் இதுதாம்மா தெரியும்!"

"தெரியட்டும் சார்."

மேஜைப் போன் அலறத் தொடங்கியது. அதை அவள் எடுக்கவில்லை. கையில் இருந்த செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பாழாய்ப்போன போன் கல் மாதிரி கிடந்தது.

கடைசியில் அடித்தது.

"அக்கா..." என்றான் தம்பி. "ஒரு கொக்கியைக் கழட்டிட்டேன். அடுத்த படி என்னன்னு திரையைத் தள்ளினேன். குண்டான்னு இருந்துச்சு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மேலாளர் மேஜைப் போனை நீட்டினார். "தலைமையகம். உன்னைத்தான் கேக்கிறாங்க."

"இருக்கச் சொல்லுங்க சார்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "டேய், முதல்ல வால்வை அடைச்சியா?"