முதல் வாய்ச் சோறு

மல்வேர்னுக்குக் குடிவந்து சில வருசங்களாகியும் குணவதிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்று விறைக்கிறாளே என்று முதலில் பரிதாபப்பட்டவர் அவளுடைய புருசன் ஸ்ரீஸ்கந்தராசாதான். மிசிசாகாவில் ஒரு பாண் பேக்டரியில் தன்னோடு வேலை செய்த அகஸ்ரினிடம் அவரே போய்க் கேட்டார். தினமும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவன் அவன்தான்.

"நான் பழக்கினால் சண்டையிலதான் முடியும், தம்பி. உனக்குப் பொறுமை இருக்கு. நீ பழக்கிவிடு."

"அதுக்கென்ன, ஸ்ரீ அண்ணை. அக்காவை ஞாயிற்றுக்கிழமையில கூட்டிக்கொண்டு போறன்."

ஞாயிறுகளில் பூட்டிக் கிடந்த தளபாடக் கடையொன்றின் பார்க்கிங்கில் பழக்கம் தொடங்கியது. ஸ்ரியரிங்கில் இருந்த அவளுடைய கைமேல் அவன் கை வைத்தான். அவள் எடுக்கவில்லை. கோடையில் லைசென்ஸ் கிடைத்த பிறகும் பழக்கம் நின்றபாடில்லை. ஸ்ரீஸ்கந்தராசா ஏனென்று கேட்கவுமில்லை.

அவர் கெட்ட மனிதர் அல்ல. குரலை உயர்த்த மாட்டார். தன் உடுப்பைத் தானே அயன் பண்ணிப் போடுவார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஆஸ்மா. குளிர்காற்றுப் பட்டால் நெஞ்சு அடைத்துவிடும், அதனால் ஜாக்கெற் பொக்கற்றில் எந்த நேரமும் மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இருக்கும். அவரோடு வாழ்வதில் குணவதிக்கு ஒரு துன்பமும் இருக்கவில்லை. ஒன்றுமே இருக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம் ஒருநாள் அகஸ்ரின் சொன்னான்: "நாளைக்குப் பனி கொட்டுமாம். அண்ணையின்ர பம்பை எடுத்து வையும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

குணவதி ஏனென்று கேட்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

காலையில் அவர் முகம் கழுவப் போன நேரம் பம்பை எடுத்துக் குசினி அலமாரியில் சீனிப் பேணிக்குப் பின்னால் வைத்தாள். ஸ்ரீஸ்கந்தராசா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார்.

"பனி பலமாக் கொட்டுது. இண்டைக்கு வெளியில போகாதையும், குணவதி."

"ஓம்" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தாள். நன்றாக நித்திரை வந்தது.

நடந்ததை அகஸ்ரின் பிறகு ஒரேயொரு தடவை சொன்னான். ஆள் நடமாட்டமில்லாத பக்கத்து ரோட்டில் காரைப் பனிக்குள் இறக்கியிருக்கிறான். கொஞ்சம் தள்ளுங்கோ அண்ணை என்றதும் அவர் இறங்கித் தள்ளியிருக்கிறார். மூச்சு அடைத்தபோது பொக்கற் எல்லாம் தேடியிருக்கிறார். அகஸ்ரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தான். எல்லாம் அடங்கிய பிறகுதான் ஓடிப்போய் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பம்பைப் பற்றிக் கேட்டாள். "மறந்துபோய் விட்டிட்டுப் போயிட்டார்" என்றாள் குணவதி. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. செத்தவீட்டில் அகஸ்ரின் குலுங்கிக் குலுங்கி அழுதான். கூடப் பிறந்தவன்கூட இப்படி அழமாட்டான் என்று சனம் கதைத்தது.

ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு, செத்தவருடைய சிநேகிதர் விநாயகமூர்த்தி அண்ணைதான் பேச்சை எடுத்தார். "எத்தினை நாளைக்கு, பிள்ளை, தனிய இருப்பீர்? அகஸ்ரின் நல்ல பெடியன்."

ஊரே சேர்ந்து கலியாண எழுத்து எழுதி வைத்தது. ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு, இரண்டு கார். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் இருவரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அந்நியர்கள் போல இருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்தாள். அகஸ்ரின் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஏன் சாப்பிடேல்லை?"

"நீர் முதல் சாப்பிடும்."

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். அவள் விழுங்கும்வரை அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அவன் தன் சோற்றுக் கோப்பையைக் கிட்ட இழுத்தான். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு அவன் கடைச் சாப்பாட்டோடு வரத் தொடங்கினான். பனி நாட்களில் அவனோடு காரில் ஏற அவளும் மறுத்தாள்.

கடைசியில் அவனே கேட்டான். "குணம், உண்மையைச் சொல்லும். எனக்கும் அப்பிடிச் செய்வீரோ?"

இல்லையென்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள். அந்த இல்லை அங்கே இருக்கவில்லை.

"தெரியாது" என்றாள்.

அன்று அவன் மெத்தையை பேஸ்மென்ருக்கு இழுத்துக்கொண்டு போனான். உள்ளே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. விடிந்ததும் அவள் முகம் கழுவி, சேலை மாற்றி, தானே காரை ஓட்டிக்கொண்டு பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போனாள். பயமும் இல்லை, அழுகையும் இல்லை.

தமிழில் சொல்ல வேண்டும் என்றாள். யேசுரட்ணம் என்ற வயதான மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவள் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இதை நான் அப்பிடியே சொன்னால் நீர் வீட்டை போகமாட்டீர்."

"சொல்லுங்கோ, ஐயா."

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினார். குணவதிக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் விளங்கும். பம்பைக் கொடுத்துவிட மறந்துவிட்டாளாம் என்று அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

"நோ" என்றாள் குணவதி. அதிகாரி நிமிர்ந்து பார்த்தான். "ஐ ரூக் இட். நான்தான் எடுத்தனான்."

யேசுரட்ணம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அன்றே அகஸ்ரினையும் பிடித்தார்கள். எல்லாம் அவளுடைய வேலை, தனக்கொன்றும் தெரியாது என்று அவன் சொன்னானாம். கோர்ட்டிலும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் மறுத்துப் பேசவில்லை. தன் பங்கை மட்டும் கேட்டபோதெல்லாம் சொன்னாள். இருவருக்கும் தண்டனை கிடைத்தது. விநாயகமூர்த்தி அண்ணை பின்வரிசை வாங்கில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வெளியே அவளைப் பொலிஸ் வானில் ஏற்றும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. காவலுக்கு வந்த பெண் அவளுடைய தலைக்குமேல் குடையைப் பிடித்தாள்.

"தாங்ஸ்" என்று சொல்லிவிட்டுக் குணவதி ஏறி உட்கார்ந்தாள்.