வலது முன் டயர்

…இழுத்தால் தெரிந்துவிடும், இழுக்காதவரை டயர் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? வளைவு முடிந்ததும் வர்ஜில் ஹாஸ்க்யூ சங்கிலியை இழுத்தான். காரின் வலது பக்கத் தரையில் மைத்துனன் டூயி அறுத்துவைத்த ஓட்டை, அதன் தகரமூடி எழுந்தது, அடியில் தார் ஓடியது, ஓரத்தில் வலது முன் டயர். ரப்பர் தேய்ந்து வெள்ளை நூல் தெரிந்தது. நூல் தெரிந்தால் பாதையை விட்டு உள்ளே, டூயி நிற்கும் இடத்துக்குப் போய் மாற்ற வேண்டும், கரோலினாவில் பந்தயக் கார் ஓட்டுகிற எவனும் அதை மீறமாட்டான்… மாற்றினால் முதலிடம் போகும், பின்னால் ஒட்டிக்கொண்டு டேட் மேப்ரி, சின்னப் பையன், இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மிச்சம் ஐந்து சுற்று. மண் திடல்களில் எத்தனையோ கோப்பைகள், இந்தப் பெரிய தார்ப்பாதையில் ஒன்றுகூட இல்லை, இதுதான் கடைசி ஓட்டம் என்று மனைவி லோரினிடம் சொல்லியாயிற்று, அவளும் நம்பிவிட்டாள்.

மூடியை விட வேண்டும், கை விடவில்லை. எவ்வளவு அழகு… தரையைத் தொடுவது உள்ளங்கையளவு ரப்பர், அதன்மேல்தான் எல்லாம் நின்றதா? விளக்கை அணைத்துக்கொண்டு மலையிலிருந்து கள்ளச்சாராயம் இறக்கிய காலம், பிறகு திடல்கள், சிவப்பு மண், பல்லில் மண், காதில் மண், இடுப்பு பெல்ட்டால் கதவை இழுத்துக் கட்டி ஓட்டியது, ஜெயித்த காரிலேயே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனது, தொப்பிப் பூவில் ஒட்டிய மண்ணை லோரின் தட்டியபடியே வந்தது… எல்லாம் இந்தக் கறுப்புத் துண்டின் மேல். கும்பிடத் தோன்றியது, யாரை? பாதையோரம் நின்ற டூயி, எழுதிய கரும்பலகையைத் தூக்கிப் பிடித்தான். ‘வா.’ வர்ஜில் தாண்டிப் போனான். அடுத்த சுற்றில், ‘வாடா.’ அதற்கும் அடுத்ததில், ‘எங்கக்கா துக்கத்துக்குக் கறுப்பு கட்டணுமா?’ சிரிப்பு வந்தது. இல்லை, உள்ளே போகமாட்டேன். வாய்விட்டே சொன்னான், “போகமாட்டேன்.” முடிவாகிவிட்டது, மனம் அமைதியானது, இன்னும் இரண்டே சுற்று… கைகள் ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்தன.

கார் டூயியின் முன்னால் போய் நின்றது. மேப்ரி கடந்து போனான், கூட்டம் எழுந்து இரைந்தது.

“பலகையப் பாத்துப் பயந்துட்டியா மச்சான்? பரவால்ல, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்,” என்று சிரித்தபடி டூயி குனிந்தான், கட்டைவிரலால் டயரை அழுத்தினான். புஸ்ஸென்று காற்று இறங்கியது. அந்த மூலை மெல்லத் தாழ்ந்தது, சிரிப்பு நின்றது.

“ஏசுவே… அடுத்த வளைவுக்கே தாங்கியிருக்காதே இது. எப்படி மச்சான் தெரிஞ்சுது?”

தெரியவில்லையே, எனக்குத் தெரியவில்லையே. பயமும் இல்லை, உள்ளே போவதில்லை என்று முடிவு செய்தது நன்றாக நினைவிருக்கிறது… அப்படியானால் திருப்பியது யார்? மலைச்சரிவில், மண்திடலில், இத்தனை வருடமும் திருப்பியது? கோப்பைகளில் பொறித்திருக்கும் பெயர் யாருடையது?

“இறங்கு மச்சான்,” என்றான் டூயி.

கைகள் இன்னும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன. அவற்றை எடுக்கச் சொல்ல வர்ஜிலுக்குத் தயக்கமாக இருந்தது.