எதிர்வீட்டுக் கதவு

தட்டுகிறாள், உள்ளங்கையால் தட்டுகிறாள், தமயா, கொஞ்சம் தொறடி, என்கிறாள், எதிர்வீட்டு ஜரினாக்காவின் குரல்தான், குடிவந்த நாளிலிருந்து பிரியாணிக் கிண்ணமும் பொங்கல் தூக்குமாய் வந்து போகிறவளின் குரல் தமயந்திக்குத் தெரியாதா, ஆனால் தாழ்ப்பாளைப் பிடித்த அவள் கையின் மேல் புருஷன் எத்திராஜின் கை இருக்கிறது, தொறக்காத, பொம்பளயத் தட்டச் சொல்லிட்டுப் பின்னாடி கத்தியோட நிப்பானுங்க, என்று காதோரம் சொல்கிறான், அவன் மூச்சு சுடுகிறது, மகள் ஹேமா யாரும் சொல்லாமலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள், சாயங்கால வெளிச்சம்கூட இன்னும் போகவில்லை.

முன்பெல்லாம் இப்படியா இருந்தான், இந்த வாரியக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியருகே பட்டப்பகலில் ஒருவனை வெட்டியபோது எத்திராஜ் பக்கத்தில்தான் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றான், வெட்டுப்பட்டவன் இவனைப் பார்த்து அண்ணா என்றானாம், இவன் ஆட்டோவுக்குப் பின்னால் குனிந்துகொண்டானாம், அதை ஒரே ஒருமுறைதான் அவளிடம் சொன்னான், பிறகு வாசலுக்கு இரும்புக் கதவு வந்தது, ஜன்னலுக்குப் பலகை வந்தது, துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்ந்து நாறியது, குக்கர் விசிலுக்கே அவன் திடுக்கிட்டு எழுந்தான், மாடிப்படியில் விளையாடப் போகிறேன் என்று அழுத ஹேமாவை அவள் கரண்டியால் அடித்தாள், அடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரம் தேய்த்தாள், எங்கண்ணன் வீட்டுக்காவது போயிடலாம் என்றால், போனா எவனாவது பூட்ட ஒடச்சி உள்ள வந்து உக்காந்துப்பான், அப்புறம் தெருவுலதான் நிக்கணும், என்பான், அதுவும் நிஜம்தான், நிஜமாக இருப்பதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், யாரைத் திட்டுவது, எதன் தலையில் போட்டு உடைப்பது.

தட்டுவது நின்றது. மேல்மாடிக்காரர்கள் இறங்கி ஓடும் சத்தம், பாய்க்கு நெஞ்சு வலிங்க, தூக்குங்க, என்று யாரோ கத்துகிறார்கள், பலகை இடுக்கு வழியாக அவள் பார்த்தாள், ஜரினாக்காவின் புருஷன் கபூர் பாயைச் சேலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, பூட்டிக் கிடந்த எத்திராஜின் ஆட்டோவைத் தாண்டி, வேறு வண்டி தேடிப் பெரிய ரோட்டுக்கு ஓடினார்கள், எத்திராஜும் பார்த்தான், சாவி அவன் இடுப்பில் இருந்தது, போயேன்யா, இப்பவாவது போயேன்யா, என்று அவன் முதுகில் குத்தினாள், அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலிலேயே பாய் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் தமயந்தி எதிர்வீட்டுக்குப் போனாள், திட்டட்டும், அறையட்டும் என்றுதான் போனாள், வந்தவர்கள் கிளம்பியிருந்தார்கள், ஜரினாக்கா கோரைப்பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாள், அக்கா, நான் தாப்பாள்ல கை வெச்சேன்க்கா, அவருதான் விடல, என்றாள் தமயந்தி, சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருந்தது, ஜரினாக்கா நிமிர்ந்து பார்த்தாள், தெரியும்டி, நீ வந்து தட்டியிருந்தா எங்க வூட்லயும் தொறந்திருக்க மாட்டோம், அவரு விட்டிருக்க மாட்டாரு, என்றாள், கோபமே இல்லாமல் சொன்னாள், இந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு எப்படித் திரும்பிப் போவது, ஒரு வார்த்தை திட்டிடுக்கா, என்று கேட்டாள் தமயந்தி, அப்போது கீழே ஏதோ பைக் சத்தம் உறுமி நின்றது, ஜரினாக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு வந்து அவளருகில் உட்கார்ந்தாள்.