ராஜகுமார் சாரின் சைக்கிள்

...சைக்கிளுக்கு என்ன நிறம் என்று கேட்டால் பச்சை, ராஜகுமார் சார் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார், ஐ ஸ்டில் ரிமம்பர் மை ஃபாதர்ஸ் ஓல்டு கிரீன் பைசைக்கிள், அதுக்கு அப்புறம் மழை, மழை வாசம் வந்தால் அந்த நாள் நினைவு வரும், அங்கே ரிமைண்ட்ஸ் மீ போடணும், ரிமம்பர் போட்டால் மார்க் போச்சு... பிரீனா பேன்சீப்பை மகளின் உச்சந்தலையில் வைத்து இழுத்தாள். எம்மோ, நோவுது. தலைய அனக்காதட்டி. சனிக்கிழமை மத்தியானம், அருமனை வீட்டுப் பின்வாசல், மேல்படியில் அவள், கீழ்ப்படியில் ஜிஷா, இருவருக்கும் நடுவில் விரித்த வெள்ளைத் துண்டு. திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் டெஸ்ட். தேறினால் இங்கிலாந்தில் நர்ஸ் வேலை, முதலில் அவள் மட்டும் போவது, ஒரு வருசமோ ரெண்டு வருசமோ கழிந்து புருசன் எபினும் பிள்ளையும் வருவது... ஒரு வருசமா, ரெண்டா? அதை யாரும் சரியாகச் சொல்லவில்லை, அவளும் துருவிக் கேட்கவில்லை.

போன தடவை தோற்றது இந்தக் கேள்வியில்தான். சின்ன வயதில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், ரெண்டு நிமிசம். ரெண்டு வாக்கியத்தில் நின்று போனாள். ராஜகுமார் சார் தலையில் அடித்துக்கொண்டு, உள்ளதச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும் சிஸ்டர், நான் தாறதப் படிங்க என்று இந்த சைக்கிளைக் கொடுத்தார். மார்த்தாண்டத்தில் அவரிடம் படிக்கிற அத்தனை நர்சுமாருக்கும் அதே அப்பா, அதே பச்சை சைக்கிள், அதே மழை. சார் எழுதித் தந்த தாளைக் கையில் வைத்திருந்த ஜிஷா திரும்பினாள். தாத்தாக்கு சைக்கிள் உண்டா? இல்ல மக்கா, ஓட்டவே தெரியாது. பின்ன வெள்ளைக்காரன்கிட்ட கள்ளம் சொல்லப் போறியா, அடுத்த ஞாயிற்றுக்கிழம கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்கு இப்பவே இடம் பிடிச்சு வச்சுக்க. களியாக்காத, நேரே இரி.

கள்ளம்கூடப் பரவாயில்லை. புதன்கிழமை வார்டில் ஊசி போட்டுக்கொண்டு நிற்கும்போது வெளியே மழை இறங்கியது, அப்போது நிஜமாகவே தெரிந்தது... அப்பாவின் முதுகு, நனைந்த சட்டை, பெடலை மிதிக்கிற கால். சைக்கிளில் ஒரு நாளும் ஏறாத அப்பா எப்படி அதில் ஏறி வந்தார்? இன்னும் கொஞ்ச நாள் இப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் இவரை இறக்கிவிட முடியாமல் போய்விடுமோ? அப்பா நடந்து வருகிறவர். குலசேகரத்துப் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு வேலை. அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவான நாளில் வெயில் ஏறிய பிறகு வருவார், கைமுடியில் ரப்பர் பால் காய்ந்து நூல் நூலாக ஒட்டியிருக்கும். முற்றத்தில் உட்கார்ந்து கையை நீட்டுவார், அவள் நகத்தால் நுனியைப் பிடித்து ஒவ்வொன்றாக உரிப்பாள், முடியும் சேர்ந்து வரும், ஸ்ஸ்... மெல்ல மக்கா, மெல்ல. ஒரு புளித்த வாசம். உரித்ததை எல்லாம் உருட்டி உருட்டிப் பந்தாக்குவாள். போன தடவை அதைத்தான் சொல்லப் போனாள். ஐ ரிமம்பர் மை ஃபாதர்ஸ் ஹேண்ட். தேர் வாஸ் ரப்பர் ஆன் இட். கேள்வி கேட்கிற அம்மாள் நல்லபடியாகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தாள்... அடுத்த வாக்கியம் வரவே இல்லை. அந்த வாசத்துக்கு அடுத்தது என்ன சொல்ல?

பக்கத்து வீட்டு கோலப்பன் மாமாவும் அதே தோட்டத்தில் வெட்டினவர்தான், அவர் கை எப்போதும் வெறும் கையாக இருக்கும். ஏன்? எண்ணெய். பால் ஊற்றுகிற கொட்டகைத் தூணில் ஒரு குப்பியில் தேங்காய் எண்ணெய் தொங்கும், ஒரு சொட்டு தேய்த்தால் ஒட்டின பால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்... சீப்பு நின்றது. வார்டில் நோயாளி கையில் ஒட்டின பிளாஸ்டரை எடுக்க தினமும் எண்ணெய் தேய்க்கிறவளுக்கு இத்தனை வருசமாக இது ஏன் தோன்றவில்லை? எல்லாரும் அங்கேயே தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்கள். அப்பா மட்டும் அப்படியே நடந்து வந்தார், அவ்வளவு தூரம், கைமுடி இழுக்க இழுக்க, வீடு வரைக்கும், அவள் நகத்துக்காக.

எம்மோ, ஏன் நிறுத்திட்ட? ஒண்ணுமில்ல. துண்டைப் பார்த்தாள். ஓரத்தில் முதலில் விழுந்த ரெண்டு பேன், வேறெதுவும் இல்லை. கடைசியாக எப்போது விழுந்தது? நெடுநேரமாக வெறும் சீப்பைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள். வழக்கமாக அஞ்சு நிமிசத்தில் எழுந்து ஓடுகிற பிள்ளை, தாளைக் கீழே வைத்துவிட்டு, அவள் முட்டில் பின்னந்தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. ஒண்ணும் இல்ல மக்கா, எழும்பு. இல்லம்மா, இன்னும் கடிக்குது. எங்க? எல்லா எடத்திலயும்... நல்லாப் பாரு. பிரீனா அந்த மூடின கண்களையே பார்த்தாள். சீப்பை மறுபடி உச்சியில் வைத்தாள். திங்கட்கிழமை எதைச் சொல்வது, பச்சை சைக்கிளா, கையா... அது இன்னும் முடிவாகவில்லை. மெல்ல மக்கா, மெல்ல என்றது தன் வாய்தானா, அப்பாவுடையதா என்று ஒரு நிமிசம் அவளுக்கே தெரியவில்லை, தலைமுடியை வேண்டுமென்றே பகுத்துப் பகுத்து, இல்லாததைத் தேட ஆரம்பித்தாள்.